பதினாறில் ஒரு பங்குத் திரை

கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18-ஐத் தாண்டாதவர்களை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வை உள்ளவர்களாகச் சேர்க்கிறது. மற்றவர் 18 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர்கள் 6 மீட்டருக்கு நெருங்கி வந்துதான் படிக்க வேண்டும். பலர் கையில் வெண்கோல் இருக்காது. அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. இணையதளம் செய்பவர்கள் கண்ணிலும்தான். “திரைவாசிப்பான் வேலை செய்கிறதே” என்பார்கள். ஆனால் குறைபார்வை உள்ளவர்களில் பலர் அது படித்துச் சொல்வதைக் கேட்பவர்கள் அல்ல, திரையைப் பெரிதாக்கிப் படிப்பவர்கள்.

நான்கு மடங்கு பெரிதாக்கினால் கண்ணுக்கு எட்டுவது திரையில் 16-இல் ஒரு பங்கு. கட்டணம் கட்டும் படிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைசிப் பெட்டியையும் நிரப்பிவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார் ஒருவர். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்துகிறார். கைப்பேசி எண் தவறு என்று சொல்லும் சிவப்பு வரி திரையின் மேல்மூலையில் நிற்கிறது. அவர் பார்க்கும் பங்கில் அது இல்லை. அந்த வரியைத் தவறான பெட்டிக்குக் கீழேயே போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

பெரிதாக்குவது எல்லோருக்கும் மருந்தும் அல்ல. விழித்திரையின் மையம் பழுதானவருக்குப் பெரிய எழுத்து கைகொடுக்கும். குளுக்கோமாவில் பார்வை குழாயாகச் சுருங்கியவருக்கோ எழுத்து பெருக்கப் பெருக்க ஒரு நேரத்தில் தெரிவது குறையும். கண்புரைக்காரருக்கு வெள்ளைப் பின்னணியே கூசும். அரசுத் தளங்களின் தலைமாட்டில் எழுத்தைப் பெரிதாக்க மூன்று பொத்தான்கள் இருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்கவே நல்ல பார்வை வேண்டும் என்பது வேறு கதை.

இவற்றைவிடப் பொல்லாதது வடிவமைப்பாளர்களின் சாம்பல் மோகம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகல் நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 ஒளி வேறுபாடு கேட்கிறது. 80 வயதை ஒட்டியவர்களிடம் வழக்கமாகக் காணும் 20/40 பார்வையை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1. வெள்ளையின் மேல் 767676 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் மயிரிழையில் தேறும், 777777 தோற்றுவிடும். 999999 மூன்றைக்கூட எட்டாது, ஆனால் அதுதான் ‘நேர்த்தி’யாம். தமிழில் இதற்குத் தனி விலை உண்டு. மெலிந்த எழுத்துருவில் புள்ளி கரைந்தால் பல் மருத்துவர் பல மருத்துவர் ஆகிவிடுவார்.

வாசகர் தானாகச் செய்துகொள்வதைத் தடுக்கும் தளங்களும் உண்டு. இரு விரலால் பக்கத்தை விரிக்கக் கூடாதென்று நிரலில் ஒரு வரி எழுதிவிடுவார்கள். 2016-இல் ஐஓஎஸ் 10 வந்தபோது சஃபாரி அந்தக் கட்டளையை மதிப்பதை நிறுத்தியது. ஆண்ட்ராய்டு குரோமிலும் அதை மீற ஓர் அமைப்பு இருக்கிறது. தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் ஒரு குறுக்கு வழி: ஒரு வரி நிரலை ஒட்டினால் தளம் தானே சரியாகிவிடும் என்ற விளம்பரம். அப்படி விற்ற ஆக்சசிபி நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்டும்படி அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2025-இல் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தனர். கேமரா முன் கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் வாடிக்கையாளர் சரிபார்ப்பை எதிர்த்து, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில் வந்த தீர்ப்பு அது. இருபது உத்தரவுகள் பிறந்தன. அவற்றில் ஒன்று அவ்வப்போது அணுகல் தணிக்கை நடத்தச் சொல்கிறது.

தணிக்கையாளர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 1280 பிக்சல் அகலமுள்ள சாளரத்தில் பக்கத்தை 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அது ஒரே பத்தியாக மடிந்து கீழே ஓட வேண்டும் என்பது 2018 முதல் நெறிமுறையில் இருக்கிறது. வரிக்கு வரி இடமும் வலமும் இழுக்க வேண்டியிருந்தால், தேறவில்லை.