பூஜ்யமும் வெற்றுக் கட்டமும்

சென்ற மாதக் கூட்டத்தில் நான் தயாரித்த அறிக்கையே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

எங்கள் நிலைய நிகழ்ச்சிகளில் சில பகுதிகளை யூடியூபிலும் ஏற்றுகிறோம். எதற்கு வரவேற்பு அதிகம் என்று மாதந்தோறும் மேலிடத்திற்குக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு காணொளியாகத் திறந்து எண்களைக் கையால் குறித்துக்கொள்வேன். இவ்வாண்டு பவர் பிஐ மென்பொருளைக் கற்றுக்கொண்டு, யூடியூப் ஏபிஐ வழியாக எண்கள் தாமாகவே வந்து சேரும்படி செய்தேன். அட்டவணையும் வண்ணப் பட்டைகளும் பார்க்க அழகாகத்தான் இருந்தன.

திரையில் ஒரு வரி மட்டும் கண்ணை உறுத்தியது. ‘சிறுவர் கதை நேரம் – கருத்துகள்: 0.’

“இத்தனை மாசமா ஒருத்தர்கூட ஒரு வார்த்தை எழுதலையா? அந்த நேரத்துக்கு வேற ஏதாவது போடலாமே” என்றார் பாஸ்.

எனக்குச் சுருக்கென்றது. கதை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் வரும் பிள்ளைகளின் குரல் பதிவுகளைக் கேட்பவள் நான்தான். ‘அந்த முயல் அப்புறம் என்னாச்சு?’ என்று கேட்கும் பிள்ளைகள் அவர்கள். “ஒரு வாரம் டைம் கொடுங்க பாஸ்” என்று மட்டும் சொன்னேன்.

தொழில்நுட்பப் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவரிடம் போய் நின்றேன். “அக்கா, அறிக்கையை மூடி வைங்க. யூடியூப் என்ன பதில் அனுப்பியிருக்குன்னு முதல்ல பார்ப்போம்” என்றார்.

ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் தகவல் கேட்டு வாங்கும் கவுண்டர். கேள்வி ஓர் இணைய முகவரி வடிவில் போகும். அதே முகவரியை பிரவுசரில் இட்டால், அலங்காரம் எதுவும் இல்லாமல் வந்த பதில் வந்தபடியே தெரியும். (அந்த முகவரிக்குள் உங்கள் ரகசியச் சாவியும் இருக்கும். படம் பிடித்து யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.)

பாடல் பேட்டிகளுக்குப் பார்வை எண்ணிக்கை, விருப்ப எண்ணிக்கை, கருத்து எண்ணிக்கை என மூன்றும் வந்திருந்தன. சிறுவர் கதைகளுக்கு முதல் இரண்டு மட்டும்தான். ‘கமெண்ட் கவுண்ட்’ என்ற பெயரே அங்கு இல்லை.

காரணம் எளிது. அந்தக் காணொளிகளை ‘குழந்தைகளுக்கானவை’ என்று நாங்களே குறித்திருக்கிறோம். 2020 ஜனவரி முதல் அப்படிக் குறிக்கப்பட்டவற்றில் கருத்துப் பகுதியை யூடியூப் மூடிவிடுகிறது. எழுத இடமே இல்லாதபோது எண்ணிக்கை எங்கிருந்து வரும்?

அப்படியானால் அந்த 0 எங்கிருந்து வந்தது? நான் போட்டது! காலிக் கட்டங்கள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று, எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் பூஜ்யமாக மாற்றியிருந்தேன்.

கல்யாணத்துக்கு வர முடியாது என்று சொன்ன வீடும், நாம் அழைப்பிதழே கொடுக்காத வீடும் ஒன்றாகுமா? முதலாவது பூஜ்யம். இரண்டாவது வெற்றுக் கட்டம்.

கணக்கிலும் இது பெரிய வித்தியாசம். மூன்று காணொளிகளுக்கு 30, 60, காலி என்றிருந்தால் பவர் பிஐ காலியை விட்டுவிட்டு, சராசரி 45 என்று சொல்லும். காலியில் 0 போட்டால் அதையும் சேர்த்து வகுத்து, 30 என்று சொல்லும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் முடிவு மாறிவிடுகிறது.

அலுவலகத்தில் இப்படி எண்களை இழுத்து அறிக்கை செய்பவர்கள் இப்போது நிறைய பேர். ஒரு கட்டம் காணாமல் போனால் நான் இப்போது வரிசையாகப் பார்ப்பவை இவை.

முதலில், நாம் கேட்டோமா? மாமாக் கடையில் ரொட்டி சானாய் என்றால் ரொட்டி சானாய்தான் வரும். முட்டை வேண்டுமென்றால் ரொட்டி தெலூர் என்று சொல்ல வேண்டும். யூடியூபிடம் ‘ஸ்னிப்பெட்’ மட்டும் கேட்டால் தலைப்பும் தேதியும் விவரமும் வரும். எண்ணிக்கைகள் வேண்டுமென்றால் ‘ஸ்டாடிஸ்டிக்ஸ்’ என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, முழுவதும் வந்ததா? ஒரு பிளேலிஸ்டில் எத்தனை காணொளிகள் இருந்தாலும் ஒரு தடவைக்கு 50தான் கிடைக்கும். எத்தனை வேண்டும் என்று சொல்லாவிட்டால் வெறும் 5. பதிலோடு வரும் அடுத்த பக்கத்துக்கான அடையாளத்தை வைத்துத் திரும்பக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, வந்ததை மென்பொருள் தவறவிட்டதா? பவர் பிஐயில் பதிலை விரித்து நெடுவரிசைகளாக்கும்போது, முதலில் வரும் வரிசைகளைப் பார்த்துத்தான் அது பெயர்ப் பட்டியல் போடுகிறது. ‘பட்டியல் முழுமையாக இல்லாமல் இருக்கலாம்’ என்ற எச்சரிக்கை தெரிந்தால், பக்கத்தில் உள்ள ‘லோட் மோர்’ என்பதை அழுத்துங்கள். நாம் அன்று தேர்ந்தெடுத்த பெயர்கள் அப்படியே பதிவாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். நாளை புதிதாக ஒரு விவரம் வந்தாலும் அது தானாக அறிக்கைக்குள் வராது.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் கட்டம் காலியாக இருந்தால், அந்தக் காலிக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. அது என்னவென்று தெரியும்வரை பூஜ்யம் போடாதீர்கள்.

அடுத்த கூட்டத்திற்கு அறிக்கையைத் திருத்திக்கொண்டு போனேன். சிறுவர் கதைக்கு நேராக ‘கருத்துப் பகுதி இல்லை’ என்று எழுதினேன். பக்கத்தில் வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை நானே எண்ணி ஒரு நெடுவரிசை சேர்த்தேன். ஒரு பதிவை ஒலிக்கவிட்டும் காட்டினேன். முயலைப் பற்றிக் கேட்ட அதே பிள்ளைதான்.

பாஸ் சிரித்துவிட்டார். “சரி, பள்ளி விடுமுறை வரைக்கும் போகட்டும். அப்புறம் பார்ப்போம்” என்றார்.

இன்னும் நிரந்தரமில்லைதான். ஆனாலும் அந்த நிகழ்ச்சியின் தலையெழுத்தை இனி நான் போட்ட பூஜ்யம் தீர்மானிக்காது.