ஒரு குடும்பத்தால் காக்க முடியாத விதை

தனுஷ்கோடி மணலில் வயல் கிடையாது. ஆனால், 1964 டிசம்பரில் அந்த ஊரையே வாரிச் சுருட்டிய கடல்தான் ஐப்பசி, கார்த்திகையில் ராமநாதபுரத்துக் கரிசலுக்கு மழையும் தருகிறது. கமுதிப் பக்கத்து மானாவாரி விவசாயி அந்த ஒரே பருவத்தை நம்பித்தான் மிளகாயும் போடுகிறார், மக்காச்சோளமும் போடுகிறார். மிளகாய் விதை வீட்டிலேயே இருக்கிறது. மக்காச்சோள விதைக்குக் கடைக்குப் போக வேண்டும்.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயில், நன்கு பழுத்து உருண்டு திரண்ட பழமாகப் பார்த்து ஒதுக்கி, காயவைத்து, விதை தட்டி எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கு ஆயிற்று. மிளகாய் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. நெல்லும் அப்படியே. அதனால்தான், நெல் ஜெயராமன் பெயரில் அரசு நடத்தும் மரபு நெல் பாதுகாப்புத் திட்டத்தில் சில கிலோ விதையைத் தனி ஒரு விவசாயியிடம் நம்பிக் கொடுக்க முடிகிறது.

மக்காச்சோளத்தின் சேதி வேறு. உச்சியில் ஆண் பூ, நடுத்தண்டில் கதிர். கதிர் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் ஒரு மணிக்கானது. காற்றில் வரும் மகரந்தம் எந்தச் செடியுடையதோ, அதுவே அந்த மணிக்குத் தகப்பன். பக்கத்துப் புஞ்சையில் ஒட்டுரகம் பூத்தால், ஒரே கதிரில் நாட்டு மணியும் கலப்பு மணியும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். கலக்காமலிருக்க 200 மீட்டராவது இடைவெளி வேண்டும். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கமோ 64 மீட்டர்கூட வராது. நாலைந்து கதிரை மட்டும் விதைக்கு எடுத்தாலும் ரகம் சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். நூறு செடிகளிலிருந்தாவது எடுத்துக் கலக்க வேண்டும். பாசனப் பகுதியில் விதைப்பைத் தள்ளிப்போட்டுப் பூக்கும் நாளை மாற்றலாம். ஒரே மழைக்கு ஊரே விதைக்கும் மானாவாரியில் அதற்கும் வழியில்லை.

ஒட்டுரகம் போடுகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கோழித் தீவனச் சந்தை எடையைத்தான் பார்க்கிறது. ஆனால், அந்த விளைச்சலை மறுபடி விதைத்தால் குணம் பிரிந்து மகசூல் விழுந்துவிடும். ஆண்டுதோறும் விதைக்காசு தேட வேண்டும். 2018-ல் வந்த படைப்புழுவுக்கு நாட்டு ரகமும் தப்பாதுதான். என்றாலும், பயிர் போனவருக்கு விதைக்கடனாவது மிஞ்சாது.

விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. காற்று அந்த உரிமைக்குக் கட்டுப்படுமா? மெக்சிகோ 2025-ல் மரபணு மாற்று மக்காச்சோளச் சாகுபடியை அரசியல் சட்டத்திலேயே தடுத்ததற்கு இந்த மகரந்தக் கலப்பும் ஒரு காரணம்.

கண்மாய்த் தண்ணீரை மடைவாரியாக முறைவைத்துப் பகிர்ந்துகொண்ட ஊர்கள் இவை. அதே ஊர்க்கூட்டத்தில், ஒருபக்கத்துப் புஞ்சை முழுவதையும் நாட்டு மக்காச்சோளத்துக்கு ஒதுக்க முடியும். அதற்காக ஒட்டுரகத்தைக் கைவிடுகிறவருக்கு மகசூல் குறைவை அரசு ஈடுகட்ட வேண்டும். விளைந்ததை அங்கன்வாடிகளுக்கு வாங்க வேண்டும். நெல்லுக்குப் போலத் தலைக்குச் சில கிலோ கொடுத்தால் பணம்தான் செலவாகும், ரகம் மிஞ்சாது. முதலில் கமுதி வட்டாரத்தில் ஒரே ஒரு ஊர் போதும். புரட்டாசிக்கு முன்பே அங்கே கூட்டம் போட்டு, எந்தப் பக்கத்துப் புஞ்சை என்று முடிவு செய்துவிட வேண்டும்.