இருதுருவ மனநோயும் நான்காம் துணையும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர் என்பன அந்நான்கும். முதல் மூன்றைப் பற்றி நாம் பேசுவதுண்டு, நான்காமவரை மறந்துவிடுகிறோம். உடல்நோய்க்கு அவர் கஞ்சி காய்ச்சித் தந்து, வேளை தவறாமல் மருந்து எடுத்துக் கொடுத்தால் போதும். நோயுற்றவரே தம் நோயை அறியாத நிலையில், மருத்துவரின் வாயிலுக்கு அழைத்துச் செல்ல வேண்டியவரும் அவரேயாகிறார். இருதுருவ மனநோய் அத்தகையது. 'பைபோலார்' என்று மருத்துவர்கள் வழங்குவதும் இதனையே.

இந்நோய்க்கு எழுச்சி, சோர்வு என இரு முகங்கள் உண்டு. எழுச்சிக் காலத்தில் உறக்கம் குறைந்தாலும் களைப்புத் தோன்றாது. பேச்சுப் பெருகும், எண்ணங்கள் ஒன்றையொன்று முந்தும், கைப்பொருள் கரையும், தம்மால் ஆகாதது எதுவுமில்லை என்னும் நினைப்பு ஓங்கும். சோர்வுக் காலத்திலோ எழுந்து முகம் கழுவுவதும் மலையாகும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் தலைதூக்கும். இடைப்பட்ட காலங்களில் அவர் நம்மைப் போலவே இருப்பார். பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலுமே இந்நோய் பெரும்பாலும் முதன்முதல் வெளிப்படுகிறது. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரின் வயது அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். அமைதியானவர். இரண்டாம் ஆண்டில் திடீரென மலர்ந்தார். மூன்று இரவுகள் உறங்காமல் ஒரு குறிப்பேடு முழுவதும் கவிதை எழுதிக் கொண்டுவந்தார். மீலாது விழா மேடையில் பத்து மணித்துளி பேச அழைத்தோம், ஒரு மணி நேரம் பேசினார், கைதட்டினோம். தேர்வுக் கட்டணத்திற்கென வீட்டார் அனுப்பிய பணத்தில் நண்பர்க்கெல்லாம் நூல் வாங்கிக் கொடுத்தார், 'வள்ளல்' என்றோம். இரு திங்கள் கழிந்தபின் வகுப்புக்கு வருவதை நிறுத்தினார். விடுதி அறையில் சுவரை நோக்கிப் படுத்திருந்தார், 'சோம்பல்' என்றோம். வருகைப் பதிவு குறைந்ததென்று வீட்டுக்குக் கடிதமும் எழுதினோம். நோயின் இரு முகங்களையும் நேரிற் கண்டவர்கள் நாம். ஒன்றைப் பாராட்டினோம், மற்றொன்றைக் கண்டித்தோம். இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தவறினோம்.

வீட்டார் தமக்குத் தெரிந்த வழிகளிலெல்லாம் சென்றனர். கண்ணேறு என்று ஓதிப் பார்த்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், ஜின்னின் தீண்டல் என ஒருவர் சொல்ல, தர்கா ஒன்றில் நாற்பது நாள் தங்கினார்கள். ஊர் மருத்துவர் சத்து மருந்து எழுதித் தந்தார். தெளிந்ததும் வளைகுடா நாட்டுக்கு அனுப்பினார்கள். இரவுப் பணியில் உறக்கம் கெட்டு, ஆறே மாதத்தில் திரும்பினார். 'நிக்காஹ் முடித்துவைத்தால் சரியாகிவிடும்' என்று உறவினர் சொன்னபோது, பெண்ணைப் பெற்றவர்களை ஏமாற்ற அத்தாவின் மனம் ஒப்பவில்லை. அதன் பின்னரே மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அப்போது ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளியான மதிப்பீடு ஒன்று, இந்நோய் தொடங்குவதற்கும் உரிய மருத்துவம் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழிவதாகக் காட்டுகிறது. நம் நாட்டில் 2015-16 இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்நோயுற்றவருள் 100 பேரில் 70 பேர் மருத்துவம் பெறாதவர்கள்.

ஏன் இந்தத் தாமதம்? எழுச்சியில் இருப்பவர் தம்மை நோயாளராக எண்ணுவதில்லை. வாழ்வில் அத்துணை நலமாக இருந்ததில்லை என்றே கருதுவார். சோர்வு வந்தபோதுதான் மருத்துவரை நாடுவார்; சோர்வை மட்டுமே சொல்வார். மருத்துவரும் அதனைத் தனிச்சோர்வு நோய் என்று கொள்ள நேரும். சோர்வுக்குரிய மாத்திரை மட்டும் தனியே கொடுக்கப்பட்டால், சிலர்க்கு அதுவே எழுச்சியைக் கிளர்த்திவிடுவதும் உண்டு. நம் மாணவரின் மருத்துவர், 'இதற்குமுன் உறக்கமின்றியே மிக உற்சாகமாக இருந்த காலம் உண்டா?' என்று வினவினார். மகன் 'இல்லை' என்றார். அத்தாதான் மேடைப் பேச்சையும் கரைந்த பணத்தையும் நினைவுகூர்ந்தார். வள்ளுவர் கூறிய நான்காமவரின் பணி அன்றுதான் தொடங்கியது.

நாணமும் ஒரு தடையே. சென்னை மனநல மருத்துவமனை 1794 இல் தோன்றியது. இரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்த நிலையத்தின் இருப்பிடமான கீழ்ப்பாக்கத்தின் பெயரை நாம் ஏளனச் சொல்லாக்கித் திரைப்படங்களில் சிரித்தோம். அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவர், தம் பிள்ளையை அத்தகைய வாயிலுக்கு அழைத்துச் செல்ல எவ்வாறு துணிவார்? வீட்டில் மணமாகாத மகள் இருந்தாலோ, வாய் முற்றிலும் அடைபட்டுப் போகும்.

தர்காவுக்குச் செல்வோரை இகழ்வது நம் நோக்கமன்று. கட்டணமும் கேள்வியும் இன்றி நள்ளிரவிலும் துயருற்ற தாய்க்குத் திறந்திருக்கும் இடம் அது. ஆயினும் 2001 ஆகஸ்டு 6 ஆம் நாளை நம் சமுதாயம் மறக்கலாகாது. ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் தப்பியோட இயலாது சிக்கினர். 28 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் எத்தனை பேர் முறையான மருந்தால் நலம்பெற்று இல்லம் திரும்பியிருப்பார்களோ!

பிரார்த்தனையும் மருத்துவமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284 இல் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளர்க்கெனத் தனிப் பகுதி இருந்தது. நம் காலத்திலும் குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவில், வழிபட வருவோர்க்கு அங்கேயே மனநல மருத்துவம் கிட்டச் செய்தனர். 'தவாவும் துஆவும்' என்பது அத்திட்டத்தின் பெயர். பின்னர் ஏர்வாடியிலும் அவ்வழி பின்பற்றப்பட்டது. ஓதித்தரும் ஆலிம் பெருமக்கள் 'மருத்துவரையும் பாருங்கள்' என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்வார்களாயின், ஐந்தாண்டு வழி ஐந்து நாளாகச் சுருங்கும்.

வாயிலை அடைந்தபின்னும் துணை வேண்டும். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949 இல் லித்தியத்தின் பயனை வெளியிட்டார். இன்றும் இந்நோய்க்குரிய முதன்மையான மருந்துகளுள் ஒன்று அது. அதன் அளவைக் குருதிச் சோதனையால் கண்காணித்து வருதல் வேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். நலமானதும் மருந்தைத் தாமே நிறுத்திவிடுதலே நோய் மீளப் பெரிதும் காரணமாகிறது. ரமலானில் தனிக்கவனம் தேவை. நீரின்றி உடல் வறண்டால் குருதியில் லித்தியம் மிகும். இரவு விழிப்பு எழுச்சியைத் தூண்டும். ஆகவே நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கலந்தறிய வேண்டும். நோயாளர்க்கு மார்க்கம் சலுகை அளித்திருக்க, 'நோன்பு பிடிக்காதவன்' என்று அவரைப் பழித்தல் தகாது.

வழியும் இன்று முன்போல் கடினமன்று. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் கட்டணமில்லா மருந்தும் உண்டு. 2022 முதல் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடுக்கிறது. தம் சார்பில் பேசத்தக்கவரை நோயாளரே முன்னதாகக் குறித்துவைக்கவும் வழிசெய்கிறது. நான்காமவர்க்குச் சட்டமும் இடம் தந்துவிட்டது. இடம் தர வேண்டியவை நம் இல்லங்களும் கல்லூரிகளுமே. வருகைப் பதிவு குறைந்த மாணவர்க்குக் கடிதம் அனுப்புமுன், ஆசிரியர் ஒருவர் விடுதி அறைக்குச் சென்று பார்த்துவருவதை நம் துறைகள் வழக்கமாக்கிக்கொள்ளல் வேண்டும்.

அம்மாணவர் தனித்தேர்வராகப் பட்டம் பெற்று, இன்று சிறு கடையொன்றில் கணக்கெழுதுகிறார், மருந்தைத் தவறவிடுவதில்லை. ஒருநாள் துறைக்கு வந்திருந்தார். பழைய விழாவைப் பற்றிப் பேச்செழுந்தது. "எல்லோரும் கைதட்டினீர்கள், ஐயா. 'நேற்று இரவு தூங்கினாயா?' என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அவர் அதனைச் சொல்லவில்லை. எனினும் நம்மிடம் அதற்கு மறுமொழி இல்லை. இனி வரும் மாணவரிடமேனும் அக்கேள்வியைக் கேட்போமாக.