பாட்டில்லாத கிரகம்

ஆகாயத்திலிருந்து ஒரு கப்பல் இறங்கி, பாடிக் கொண்டிருக்கும் பெண்ணை அப்படியே தூக்கிக் கொண்டு போனால் எப்படி இருக்கும்? சிரிக்காதீர்கள், சகோதரிகளே! 1963-ம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ‘கலை அரசி’யின் கதையே அதுதான்.

எங்கேயோ ஒரு கிரகம். விஞ்ஞானத்தில் அவர்கள் புலி. ஆனால் பாட்டும் நாட்டியமும் மட்டும் வராது, பாவம்! பூமியிலே பாடும் பானுமதியைக் கண்டுபிடித்து, தங்கள் லோகத்து ராஜஸ்ரீக்குச் சொல்லித் தருவதற்காக நம்பியாரை அனுப்பிக் கடத்திப் போகிறார்கள். காதலர் எம். ஜி. ஆர். சும்மா இருப்பாரா? அவரும் போய்ச் சேருகிறார்.

டைரக்டர் காசிலிங்கத்தின் துணிச்சலைப் பாருங்கள். ககாரின் விண்வெளிக்குப் போய் அப்போது இரண்டே வருஷம். தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதுகூட அந்த வருஷம் நவம்பரில்தான்.

இன்று பார்த்தால் அந்தக் கப்பல் நாடகக் கொட்டகைச் சாமான் மாதிரிதான் இருக்கிறது. அப்படியும் ஏன் அலுக்கவில்லை?

வாலாஜாபேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் டெலிவிஷனில் இந்தப் படம் ஓடிக் கொண்டிருந்தது. (தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத்தான் வந்தது. அதிசய வண்டிகள் அந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல!) பேத்தி தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள், இங்கிலீஷ் விண்வெளிப் படங்களாகப் பார்த்துத் தள்ளியவள். கப்பலைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பானுமதி பாடத் தொடங்கியதும் பாட்டியும் கூடவே முணுமுணுத்தாள். சுருதி இம்மியும் பிசகவில்லை.

“உனக்குப் பாடத் தெரியுமா, பாட்டி?”

“கலியாணத்துக்கு முந்தி நாலு வருஷம் கத்துக்கிட்டேன். அப்புறம் யாரும் பாடச் சொல்லலை, நானும் விட்டுட்டேன்.”

பேத்தியின் சிரிப்பு நின்று போயிற்று.

படம் இத்தனை நாள் நிலைத்திருப்பது இதனால்தான் என்பேன். ஒரு பெண்ணின் பாட்டுக்காக ஒரு கிரகமே ஏங்குகிறது. கப்பல் கட்டி ஆள் அனுப்புகிறது! கடத்தியது அக்கிரமந்தான், நம்பியாருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனாலும், அடுப்படியில் பாடினால் அடுத்த அறையில்கூடக் கேட்க ஆளில்லாதவர்களுக்கு அந்தக் கதை இனிக்காமல் இருக்குமா?

அந்த வேஷத்துக்கு பானுமதியைவிடப் பொருத்தமானவர் யார்? தன் பாட்டைத் தானே பாடிய நடிகை. 1953-ல் ‘சண்டிராணி’யை டைரக்ட் செய்தவர். 1980-களில் சென்னை அரசு இசைக் கல்லூரிக்கே தலைமை வகித்தார். அங்கே அவரை யாரும் கடத்திக் கொண்டு போகவில்லை!