டிசைன் யாருக்கு?

வலைத்தளம் செய்யப் போகிறீர்களா? தயவுசெய்து டெம்ப்ளேட் தேடுவதை நிறுத்துங்கள்!

நாம் எல்லோரும் செய்வது இதுதான். நூறு டெம்ப்ளேட் பார்ப்போம், பளபளவென்று ஒன்றைப் பிடிப்போம், கடைசியில் நம் எழுத்தை அதில் திணிப்போம். ஆனால் அந்த மாதிரிப் பக்கத்தில் இருந்தது என்ன? 'லோரம் இப்சம்'. கி.மு. 45-ல் சிசரோ எழுதிய லத்தீன் நூலைச் சிதைத்துச் செய்த அர்த்தமில்லாத வரிகள்! அங்கே 'விதிமுறைகளும் நிபந்தனைகளும்' வந்து உட்கார்ந்தால் மெனு உடைகிறது. வரிகள் நெருங்கி, மேல்வரி 'ழு'வின் வாலும் கீழ்வரிப் புள்ளியும் முட்டிக்கொள்கின்றன.

அடுத்த வியாதி, வெள்ளையில் சாம்பல் எழுத்து. 2008-ல் டபிள்யூ3சி வெளியிட்ட அணுகல் வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது. ஃபேஷன் சாம்பலான #999999 வெள்ளையில் தருவது 2.85:1 மட்டுமே.

"பார்த்ததும் கவர வேண்டாமா மச்சி?" என்பார்கள். கவரட்டும். படிக்கவே முடியாதது யாரைக் கவரும்?

முதலில் நாலு பத்தி சொந்தத் தமிழை எழுதுங்கள். அதை டிசைனில் போட்டு, போனில் திறந்து, வெயிலில் நிற்கும் அப்பாவிடம் கொடுங்கள். அவர் கண்ணைச் சுருக்கினால் அந்த டிசைன் வேண்டாம்.

அவ்வளவுதான்!