ஏர்ஃபோர்ஸ் ஒண்ணும் ஓசி பைலட் கோர்ஸ் இல்லைங்க!

போன வாரம் ஊர்ல ஒரு காதுகுத்து. பந்தியில உக்காந்து சாம்பாருக்குச் சோத்துல குழி வெட்டுறதுக்குள்ள சித்தப்பா பக்கத்து இலைக்கு வந்துட்டார். அவர் பையன் பிளஸ் டூ படிக்கிறான். பைலட் ஆகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். தனியார் ஃபிளையிங் ஸ்கூல்ல விசாரிச்சா ஐம்பது லட்சத்துக்கு மேல ஆகும்னு சொல்லியிருக்காங்க. சித்தப்பாவுக்கு இருக்கிறது ஒரு வீடு, ஒரு மளிகைக்கடை.

அப்பத்தான் யாரோ ஒரு புண்ணியவான் வழி சொல்லியிருக்கார். "ஏர்ஃபோர்ஸ்ல சேத்து விட்டுருங்க. ஓசியிலயே பைலட் ஆக்கிடுவாங்க. அஞ்சு வருஷம் ஓட்டிட்டு வெளிய வந்தா பிரைவேட்ல லட்ச லட்சமா சம்பளம்."

"நீ அந்தப் பரீட்சையெல்லாம் எழுதினவன்தானப்பா, இது சரிதானா?"ன்னு கேட்டார். பாயசம் வந்துடுச்சு, பேச்சு மாறிடுச்சு. பந்தியில சொல்ல முடியாததை இங்க சொல்றேன். சரியில்லை சித்தப்பா. அந்தப் புண்ணியவான் சொன்ன ரெண்டு வரியில ரெண்டும் தப்பு.

முதல்ல அந்த 'அஞ்சு வருஷம்'. இது எங்கேருந்து வருதுன்னே தெரியலை. பிளஸ் டூல இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படிச்சவன் என்.டி.ஏ. எழுதலாம். யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்துது. வயசு பதினாறரையிலேருந்து பத்தொன்பதரை வரைக்கும். தேறினா புனே பக்கம் கடக்வாஸ்லாவுல 3 வருஷம், அப்புறம் ஹைதராபாத் பக்கத்துல துண்டிகல் விமானப்படை அகாடமி. கிடைக்கிறது நிரந்தர கமிஷன். ஓய்வூதியம் வேணும்னா 20 வருஷ சேவை முடிக்கணும். நடுவுல 'நான் கிளம்புறேன்'னு நோட்டீஸ் பீரியட் கொடுத்துட்டு வர இது நம்ம ஐ.டி. கம்பெனி இல்லை. விடணுமா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க.

டிகிரி முடிச்சுட்டுப் போறதுன்னா ஏ.எஃப்.கேட். பறக்கும் பிரிவுக்கு வயசு 20லேருந்து 24. அதுல வர்றது குறுகிய கால கமிஷன். 'குறுகிய' காலம்னா எவ்வளவு தெரியுமா? 14 வருஷம்! அதுக்கு மேல நீட்டிப்பும் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. இருபத்துமூணு வயசுல அதிகாரி ஆனவன் வெளிய வரும்போது முப்பத்தேழு. அப்புறம் சிவில் உரிமத்துக்கான பரீட்சைகள், ஏர்லைன்ஸ் ஓட்டுற விமானத்துக்குத் தனிப் பயிற்சி. இதெல்லாம் முடிச்சுட்டு உள்ள போனா, தன்னைவிடப் பத்து வயசு சின்னப் பையன் கேப்டனா உக்காந்திருப்பான். அப்படிப் போய் நல்லா இருக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா அது அஞ்சு வருஷக் கணக்கு இல்லை.

அடுத்தது 'ஓசி'. பயிற்சிக்குக் காசு வாங்க மாட்டாங்க, நிஜம்தான். அகாடமியில மாசம் 56,100 ரூபாய் உதவித்தொகையே கொடுக்கிறாங்க. ஆனா காசு கட்டினவனுக்குக் கிடைக்கிற ஒரு உரிமை இங்க கிடையாது. 'நான் பைலட் ஆகத்தான் வந்தேன்'னு யார்கிட்டயும் சண்டை போட முடியாது.

எழுத்துத் தேர்வு தாண்டினா அஞ்சு நாள் எஸ்.எஸ்.பி. அதுல தேறினா சி.பி.எஸ்.எஸ்.னு ஒரு கணினித் தேர்வு. விமானம் ஓட்டுற கை, கண், மூளை ஒத்துழைப்பு இருக்கான்னு பாக்கிறது. இதுல ஃபெயிலானா வாழ்க்கையில மறுபடி எழுதவே முடியாது. நம்ம அரியர் மாதிரி இல்லை. அப்புறம் மருத்துவச் சோதனை. உயரம் 162.5 செ.மீ. இருந்தா மட்டும் போதாது, காக்பிட்ல பொருந்தணும்னு காலோட நீளம், தொடையோட நீளம், உக்காந்த உயரம் எல்லாத்தையும் தனித்தனியா அளப்பாங்க. வருஷக்கணக்கா படிச்சவன் ரெண்டு செ.மீ.ல வீட்டுக்கு வரலாம்.

இதெல்லாம் தாண்டி பிளாட்டஸ் விமானத்துல ஏறினாலும், பறக்கிறது சரியா வரலைன்னா பறக்கும் பிரிவை விட்டு எடுத்துடுவாங்க. சரியா வந்தாலும் போர் விமானமா, சரக்கு விமானமா, ஹெலிகாப்டரான்னு அவங்கதான் பிரிப்பாங்க. விருப்பம் கேப்பாங்க, முடிவு அவங்களோடது.

சரி, பைலட்டே ஆயாச்சு. அப்ப என்ன வேலை? சென்னை-டெல்லி ஓட்டிட்டு ஹோட்டல்ல தூங்குற வேலை இல்லை. நம்ம ஊர்லயே பாருங்க. தஞ்சாவூர்ல 2020 ஜனவரியில சுகோய் அணி வந்துச்சு. சூலூர்ல தேஜஸ் இருக்கு. அதெல்லாம் ஆள் ஏத்திட்டுப் போற வண்டியா? 2019 பிப்ரவரியில அபிநந்தன் மீசையை ஊரே வாட்ஸப்ல வச்சுக்கிச்சு. அவர் பாகிஸ்தான் பிடியில இருந்த நாட்கள்ல அவர் வீட்ல எப்படி இருந்திருக்கும்னு எத்தனை பேர் யோசிச்சோம்? 2025 நவம்பர் 21ல துபாய் கண்காட்சியில தேஜஸ் விழுந்து அதை ஓட்டின விங் கமாண்டர் இறந்தார். போர்க்களத்துல இல்லை, கண்காட்சியில. சித்தப்பா, இந்த வேலைக்குத்தான் நீங்க 'அஞ்சு வருஷம் ஓட்டிட்டு வந்துடலாம்'னு கணக்குப் போடுறீங்க.

இவ்வளவு வீறாப்பா பேசுறியே, நீ ஏன் போனேன்னு கேப்பீங்க. இதைச் சொல்லித்தான் ஆகணும்.

நானும் இதே கணக்குலதான் போனேன். இன்ஜினியரிங் கடைசி வருஷம். எஸ்.எஸ்.பி. வரைக்கும் வந்துட்டேன். நேர்காணல்ல அந்த அதிகாரி சிரிச்ச முகமா ஒரு கேள்வி கேட்டார். பறக்கிறதுக்குத் தகுதி இல்லைன்னு ஆயிடுச்சுன்னா, தரையில ஒரு வேலை கொடுத்தா சேருவியான்னு. "நிச்சயமா சார்"னு ஒரு நொடி கூட யோசிக்காம சொன்னேன். சுத்தப் பொய். அவர் எதுவும் சொல்லலை, குனிஞ்சு ஏதோ எழுதினார். கடைசி நாள் கூப்பிட்ட நம்பர்கள்ல என் நம்பர் இல்லை. அந்தப் பதிலாலதான் போச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா திரும்பி வர்ற ரயில்ல எனக்கு ஒண்ணு உறைச்சுது. எனக்கு விமானம்தான் வேணும், யூனிஃபார்ம் வேண்டாம். என்கூட அறையில இருந்த ஒரு பையனுக்கு அப்படி இல்லை. விமானம் இல்லைன்னா கப்பல், கப்பல் இல்லைன்னா காலாட்படைன்னு அவன் நாலாவது தடவையா வந்திருந்தான். நான் அவன் இடத்துக்குப் போட்டி போட்டிருக்கேன்.

'ஐம்பது லட்சம் இல்லாத வீட்டுப் பையன் அப்ப கனவே காணக் கூடாதா?'ன்னு நீங்க கேக்கிறது நியாயம். கடை வச்சிருக்கிறவர் பையனும் ஏர் மார்ஷல் பையனும் ஒரே பரீட்சை எழுதி, ஒரே திடல்ல ஓடி, ஒரே நாற்காலியில உக்கார்ற இடம் இந்த நாட்டுல அதிகமில்லை. அதனாலதான் சொல்றேன், போகட்டும். தாராளமா போகட்டும். ஆனா ராணுவ அதிகாரி ஆகப் போகட்டும். பறக்கிறது கிடைச்சா அது அவனுக்குப் பெரிய பாக்கியம். ஏர்லைன்ஸ்தான் வேணும்னா அதையும் வெக்கப்படாம சொல்லட்டும். கடனா, வேலைக்குப் போய்ச் சேத்து வச்சுப் படிக்கிறதான்னு உக்காந்து கணக்குப் போடலாம். ரெண்டும் மரியாதையான ஆசைதான். ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை வாங்கப் பாக்கிறதுதான் தப்பு.

நேத்து ராத்திரி தம்பிக்கு போன் பண்ணேன். மேல சொன்னதை எல்லாம் சொல்லிட்டு, என்கிட்ட கேட்ட அதே கேள்வியை அவன்கிட்ட கேட்டேன். "பிளேன் கிடைக்கலைன்னாலும் அங்க இருப்பியாடா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான், "தெரியலண்ணே. யோசிச்சுச் சொல்றேன்."

என்னைவிட நேர்மையானவன். அவன் யோசிச்சு முடிக்கிற வரைக்கும் அந்தப் புண்ணியவானைக் கடைப்பக்கம் விடாதீங்க சித்தப்பா.