பிள்ளைக்கு முதல் புல்லாங்குழல்

“பையன் புல்லாங்குழல் படிக்க வேண்டும் என்கிறான், எதை வாங்குவது?” என்று லாபிஸ் பக்கத்துத் தாயார் ஒருவர் கேட்டிருக்கிறார். தைப்பூசத்தில் வாங்கிய குழல் ஒன்று வீட்டில் இருக்கிறதாம். ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, “எனக்கு வராதும்மா” என்று மூலையில் போட்டுவிட்டானாம்.

அம்மா, பையன் மேல் குற்றம் சொல்லாதீர்கள். திருவிழாக் கடையில் வண்ண நூல் சுற்றி விற்பது பெரும்பாலும் விளையாட்டுச் சாமான். கண்ணளவில் துளை போட்டிருப்பார்கள். பெரிய வித்துவான் ஊதினாலும் அதில் சுருதி சேராது. நமக்கு அது தெரியும், பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியுமா? தனக்குத்தான் சங்கீதம் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். குழலுக்குக் கொடுத்த வெள்ளி போனால் போகிறது, பிள்ளையின் ஆசை போகலாமா?

ஆகவே கடைக்குப் போனதும் முதலில் துளைகளை எண்ணுங்கள். நம் கர்நாடக இசைக் குழலில் வாய் வைக்கும் துளை போக எட்டுத் துளைகள் இருக்கும். வடநாட்டுப் பான்சுரியில் ஆறு, சிலவற்றில் ஏழு. இரண்டும் மூங்கில்தான், பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆறு துளைக் குழலை எடுத்துக்கொண்டு கர்நாடக இசை ஆசிரியரிடம் போனால், அவர் சொல்லும் விரல் பாடம் அதில் உட்காராது.

நுனியில் வாய் வைத்து ஊதுவது வேறு இனம். பள்ளிக்கூட ரெக்கார்டர் அப்படிப்பட்டது. காற்றை விளிம்பில் சேர்க்கும் வேலையை அதன் வாய்ப்பகுதியே பார்த்துக்கொள்ளும். அயர்லாந்து நாட்டுப்புற இசையில் ‘லோ விசில்’ என்று நீண்ட உலோகக் குழல் ஒன்று உண்டு, அதுவும் இந்த இனமே. அது பிறந்த கதை வேடிக்கையானது. ஃபின்பார் ஃப்யூரி என்ற அயர்லாந்துக் கலைஞர் அருமையாய் வைத்திருந்த இந்திய மூங்கில் குழல் பயணத்தில் உடைந்துபோயிற்று. பெர்னார்ட் ஓவர்ட்டன் என்பவரால் அதைச் செப்பனிட முடியவில்லை. பதிலுக்கு 1971-இல் உலோகத்தில் ஒன்று செய்து பார்த்தார். இன்றைய லோ விசிலுக்கு அதுதான் தொடக்கம். நம்மூர் மூங்கில் எங்கெல்லாம் போயிருக்கிறது, பாருங்கள்!

நம் குழலைப் பக்கவாட்டில் பிடித்து ஊதுகிறோம். காற்றைக் குறி பார்த்து அனுப்ப வேண்டியது பிள்ளையின் உதடு. முதல் சில நாள் வெறும் காற்றுச் சத்தம்தான் வரும், பயப்படாதீர்கள். தலை சுற்றினால் குழலைக் கீழே வைத்துச் சற்று உட்காரச் சொல்லுங்கள்.

அடுத்தது கட்டைக் கணக்கு. பஜனை மடத்து ஹார்மோனியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஸி’ என்ற வெள்ளைக் கட்டை 1, அடுத்த வெள்ளை 2. இப்படியே போனால் ஐந்தாவது வெள்ளை 5 கட்டை. இடையில் வரும் கறுப்புக் கட்டைகளுக்கு அரைக் கணக்கு. ஒரே வரிசைக் குழல்களில் கட்டை ஏற ஏறக் குழல் குட்டையாகும், துளைகளும் நெருங்கி வரும். சிறு கைக்கு 5 கட்டையோ அதற்குச் சற்று மேலோ வசதி என்பது என் எண்ணம். ஆனாலும் ஆசிரியர் சொல்வதே முடிவு. வகுப்பில் எல்லாரும் ஒரே கட்டையில் ஊதினால்தான் சேர்ந்து வாசிக்க முடியும். ஆசிரியரைப் பார்க்கும் முன்பே குழலை வாங்கிவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு நீளக் குழல் மேல் ஒரு மயக்கம் உண்டு. அதன் கனத்த நாதம் யாரையும் இழுக்கும். வடநாட்டில் பன்னாலால் கோஷ் 32 அங்குலக் குழலைக் கொண்டுவந்தார். நம் கச்சேரி மேடையில் நீளக் குழலைப் புகுத்தியவர் திருவாரூர் என். ரமணி, 2015-இல் மறைந்தவர். மாலி என்று எல்லாரும் அழைத்த டி.ஆர். மகாலிங்கத்தின் சீடர். அந்தக் குழலில் துளைகள் அகன்று கிடக்கும். சின்ன விரல் எட்டாது. எட்டினாலும் துளை முழுதும் மூடாமல் காற்றுக் கசியும், சுவரம் பிசிறும். விரல் நீளட்டும், பிறகு பார்க்கலாம்.

கடையில் சோதிக்கும்போது ஊதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். கைப்பேசியில் சுருதிப்பெட்டிச் செயலி இருந்தால் போதும். குளிர்சாதனக் கடையில் குழல் சற்று இறங்கிப் பேசும். இரண்டு நிமிடம் ஊதிச் சூடேறிய பிறகே கேளுங்கள். ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம் மூன்றும் சுருதியோடு ஒட்டி நிற்க வேண்டும். மேல் ஸட்ஜம் ஒட்டவில்லையென்றால் கடைக்காரர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். மூங்கிலை வெளிச்சத்தில் திருப்பிக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். துளை ஓரங்களை விரலால் தடவுங்கள். அரக்குப் பூச்சும் பட்டுக் குஞ்சமும் நாதம் தராது.

நம் ஜொகூர் ஈரத்தில் மூங்கிலுக்குப் பூஞ்சணம் பிடிக்கும். ஊதி முடித்ததும் குச்சியில் மெல்லிய துணி சுற்றி உள்ளே துடைத்து, காற்றாட வைத்துப் பிறகு உறையில் போடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டால் வெடித்துவிடும். உறையின் மேல் பிள்ளையின் பெயரையும் கட்டை எண்ணையும் எழுதி வையுங்கள். வகுப்பில் பத்துக் குழல் ஒன்றாய்க் கிடக்கும்போது எது யாருடையது என்று தேட வேண்டாம்.